பேசியவர்கள் பெயர்

நான்காம் வகுப்பில் நான்தான் லீடர். பேரையூரிலிருந்து பேருந்தில் கொஞ்ச தூரம் போனால் வரும் ஒரு கிராமத்தின் தொடக்கப் பள்ளி அது. ஓட்டுக் கட்டடம், இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். ஆசிரியர் எழுந்து பக்கத்து அறைக்குப் போகும்போது சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டுப் போவார். நான் கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று எழுதி, கீழே ஒரு கோடு இழுத்துவிட்டுக் காத்திருப்பேன். வாய் அசைந்தால் பெயர் ஏறும். மறுபடி அசைந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி.

ஒரு மத்தியானம் என் தோழியின் பெயரை எழுதினேன். அவள் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "கூட வர்றியா?" எங்கள் பள்ளியில் அப்போது கழிப்பறை கிடையாது. பின்பக்கத்துச் சீமைக்கருவேலம் புதருக்குத்தான் போக வேண்டும். பெண் பிள்ளைகள் தனியாகப் போவதில்லை. ஒருத்தி போனால் இன்னொருத்தி காவல் நிற்பாள். ஆசிரியர் திரும்பி வந்தார், பட்டியலைப் பார்த்தார், அவள் கையை நீட்டச் சொன்னார். என்ன பேசினாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு மாணவர் மன்றம் வேண்டும் என்று யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் கரும்பலகைதான் கண்முன் வருகிறது. லீடர் என்ற பதவி என்னிடம் இருந்தது. குரல் என்னிடமும் இல்லை, அவளிடமும் இல்லை. இரண்டுக்கும் இடையிலான இந்த வேறுபாட்டுக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு.

குடத்தில் கைவிட்ட பாலன்

குடவோலை முறையை நாம் எல்லோரும் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபை வாரியங்களுக்கு உறுப்பினர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அவை விரிவாகச் சொல்கின்றன. வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். இரண்டாவது கல்வெட்டின்படி வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். பெண்களுக்கும், நிலமற்றவர்களுக்கும், பிராமணர் அல்லாதவர்களுக்கும் அந்தச் சபையில் இடமில்லை.

அந்தக் கல்வெட்டில் ஒரு குழந்தை வருகிறது என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கியபின், உள்ளே இருப்பதை அறியாத ஒரு பாலனைக் கொண்டு ஓலையை எடுக்கச் சொல்கிறது விதி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நம் தேர்தல் நடைமுறையில் குழந்தைக்குக் கிடைத்த வேலை அது. அவன் கை தேவைப்பட்டது. அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் அவனுடைய தகுதி. அதுவும் ஆண் குழந்தை. பெண் குழந்தையின் கை குடத்துக்குள்கூடப் போகவில்லை.

921க்குச் சரியாக ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 1921இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல். சொத்துத் தகுதி இருந்ததால் மிகச் சில பெண்களுக்கே அது பயன்பட்டது. பெண்களுக்கு வாக்கு கூடாது என்றவர்கள் சொன்ன காரணங்களை இன்று கேட்டால் பழகிய குரலாக இருக்கும்: அவர்களுக்கு விவரம் தெரியாது, வேறு யாராவது சொல்லிக் கொடுப்பதைத்தான் சொல்வார்கள், வீட்டில் சண்டை வரும். குழந்தைகளிடம் கருத்துக் கேட்கலாமா என்ற பேச்சு வந்தால் ஆசிரியர் அறையிலும் பெற்றோர் கூட்டத்திலும் இதே மூன்று காரணங்கள் வரிசை மாறாமல் வருகின்றன. நம்மை வாயடைக்கப் பயன்பட்ட சொற்களை நாமே பிள்ளைகள் மீது எடுத்து வீசலாமா என்பதைப் பெண்கள் யோசிக்க வேண்டும்.

சட்டாம்பிள்ளையின் உலகப் பயணம்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு அடுத்த நிலையில் இருந்தவன் சட்டாம்பிள்ளை. மூத்த மாணவன், இளையவர்களுக்குப் பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கொடுப்பான், அடங்காதவனைக் காட்டிக் கொடுப்பான். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் விடுதியில் புகுத்தினார். மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் செய்தார். ஊர் திரும்பியதும் 1797இல் அதைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. குறைந்த சம்பளச் செலவில் நிறையப் பிள்ளைகளை ஒழுங்காக உட்கார வைக்க முடிந்ததுதான் அதன் கவர்ச்சி.

ஆக, 'மானிட்டர்' என்ற பதவி உலகமெங்கும் பரவியதில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பதவி மேலிருந்து கீழே பேசுவது. ஆசிரியரின் சொல்லைப் பிள்ளைகளிடம் கொண்டு சேர்ப்பதும், பிள்ளைகளின் குற்றத்தை ஆசிரியரிடம் கொண்டு சேர்ப்பதும்தான் அதன் வேலை. பிள்ளைகளின் தேவையை மேலே கொண்டு போகும் வழி அதில் இல்லை.

பெண் பிள்ளைகளோ அந்த அறையிலேயே இல்லை. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுவதும் பள்ளிக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் தொகுத்துச் சொன்ன கணக்கில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண்கள் 4,540 பேர். நாற்பது ஆண் பிள்ளைகளுக்கு ஒரு பெண் பிள்ளை. 'சட்டாம்பிள்ளை' என்ற சொல்லுக்கு ஒரு பெண்பால் வடிவம் வழக்கில் வராமல் போனதில் வியப்பில்லை.

பெயர் கூப்பிடும் பதிவேடு

பேரையூர் வட்டாரத்தில் பெயர் எழுதுவதற்கு இன்னொரு வரலாறு இருக்கிறது. அது ரத்தத்தில் நனைந்தது.

குற்றப் பரம்பரைச் சட்டத்தை இந்தப் பக்கத்தில் ரேகைச் சட்டம் என்பார்கள். 1911இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டத்தின் கீழ் பிரமலைக் கள்ளர் சமூகத்து ஆண்கள் கைரேகை வைத்துப் பதிவேட்டில் பெயர் ஏற்ற வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ பெயர் கூப்பிடும்போது ஆஜராக இருக்க வேண்டும். ஒருவன் செய்த குற்றத்துக்காக அல்ல, பிறந்த சாதிக்காக. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி பெண்: மாயாக்காள். குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவள் என்று ஊர் அவளை நினைவில் வைத்திருக்கிறது. ரேகை கேட்கப்பட்டது ஆண்களிடம். ஆனாலும் சாவு அவளையும் தேடி வந்தது.

இதே காலத்தில்தான் கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின் கீழ் பள்ளிகள் வந்தன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அந்தப் பெயரோடு ஏறத்தாழ 300 பள்ளிகள் வளர்ந்தன. அவை இல்லாவிட்டால் இந்த மண்ணில் பல தலைமுறைப் பெண்கள் எழுத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். அந்த நன்றியை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பள்ளிகளின் பிறப்பையும் நாம் பார்க்க வேண்டும். இரவில் அப்பன் பெயரைக் காவல் நிலையத்தில் கூப்பிட்டார்கள். காலையில் மகன் பெயரைப் பள்ளியில் கூப்பிட்டார்கள். இரண்டு இடத்திலும் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்: "இருக்கேன் ஐயா." சீரமைக்கப்பட வேண்டியவர்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டவர்களிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்பட்டது. பள்ளியின் பழக்கம் அவ்வளவு எளிதில் நீங்கவில்லை.

இதே பேரையூர் வட்டத்தில், டி.கல்லுப்பட்டியில், 1940இல் காந்தி நிகேதன் ஆசிரமம் தொடங்கப்பட்டது. ஜே.சி. குமரப்பா தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தது டி.கல்லுப்பட்டியில்தான். காந்தியின் ஆதாரக் கல்வியில் பிள்ளைகளின் சுயாட்சிக்கு இடம் இருந்தது. சேவாகிராமத்தில் ஆஷாதேவி ஆரியநாயகம் போன்றோர் நடத்திய பள்ளியில் பிள்ளைகள் தங்களுக்குள் அமைச்சர்களைத் தேர்ந்தெடுத்து, சமையலையும் துப்புரவையும் பொறுப்பாக ஒப்படைத்தார்கள். துடைப்பம் ஆண் பிள்ளையின் கைக்கும் போனது. நம் வீடுகளில் இன்னும் நடக்காத புரட்சி அது.

ஆனால் தமிழ்நாட்டில் கைத்தொழிலோடு இணைந்த கல்வி என்றாலே வேறு நினைவுதான் வருகிறது. 1953இல் ராஜாஜி அரசு அரைநாள் பள்ளித் திட்டத்தைக் கொண்டுவந்தது. மீதி நேரத்தில் ஆண் பிள்ளை அப்பன் தொழிலைப் பழக வேண்டும், பெண் பிள்ளை அம்மாவோடு வீட்டு வேலை பழக வேண்டும். 'குலக்கல்வி' என்று பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராஜர் அரசு அதைக் கைவிட்டது. யாருக்காகத் திட்டம் வந்ததோ அந்தப் பிள்ளைகளிடம் கொண்டுவந்தபோதும் கேட்கவில்லை, கைவிட்டபோதும் கேட்கவில்லை.

பிறகு 1986இல் ஓர் ஆங்கில இதழ் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்சிசுக் கொலையை நாடறியச் செய்தது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. அந்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்துப் பெண் குழந்தையைப் பற்றிப் பேசாத அமைச்சர் இல்லை, எழுதாத பத்திரிகை இல்லை. பிழைத்து வளர்ந்து பள்ளிக்கு வந்த அந்தப் பெண் குழந்தை என்ன சொன்னாள் என்று மட்டும் எங்கும் பதிவில்லை.

நாற்காலி விளையாட்டுப் பொருள் அல்ல

மாணவர் மன்றத் தேர்தல் என்றதும் 'சின்னப் பிள்ளைகள் விளையாட்டு' என்று சிரிப்பவர்கள் உண்டு. மதுரை மாவட்டத்தில் வாழ்பவர்கள் அப்படிச் சிரிக்க முடியாது. இங்கே ஒரு நாற்காலியில் யார் உட்காரலாம் என்பது உயிர்ப் பிரச்சினை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அங்கே தேர்தல் நடக்கவிடப்படவில்லை. நடந்தாலும் வென்றவர் உடனே ராஜினாமா செய்ய வைக்கப்பட்டார். 2006 அக்டோபரில்தான் தலைவர்கள் பதவியேற்று நீடித்தார்கள். மேலூர் பக்கத்து மேலவளவில் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் 1997இல் வெட்டிக் கொன்றார்கள். அந்தப் பத்து ஆண்டுகளில் இந்தக் கிராமங்களின் பள்ளிகளில் படித்த பிள்ளைகள், யார் தலைமை தாங்கலாம், யார் கூடாது என்பதைப் பாடப் புத்தகம் இல்லாமலேயே கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாடத்தை மாற்றி எழுத வேண்டுமானால் நாற்பது வயதில் தொடங்கினால் தாமதம். ஏழு வயதில், தலித் சிறுமி ஒருத்தி தலைமை தாங்கும் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் கைதூக்கி வரிசையில் காத்திருந்து பேசிப் பழக வேண்டும்.

அப்படிப் பழகிய பிள்ளைகள் இந்தியாவில் இருக்கிறார்கள். ராஜஸ்தானின் திலோனியாவில் பகலில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக இரவுப் பள்ளிகள் நடக்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1990களில் அங்கே குழந்தைகள் நாடாளுமன்றம் தொடங்கியது. வாக்களிப்பவர்களும் வேட்பாளர்களும் மாணவர்கள். ஆட்டுக்காரச் சிறுமிகள் பிரதமராக இருந்திருக்கிறார்கள். ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா, விளக்கு எரிகிறதா, குடிநீர் இருக்கிறதா என்று உறுப்பினர்கள் போய்ப் பார்ப்பார்கள். குறையைச் சொன்னால் பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் குந்தாப்பூர் வட்டத்தின் கேரடி ஊராட்சியில் 1995 முதல் குழந்தைகள் பஞ்சாயத்து நடந்தது. வேலைக்குப் போகும் பிள்ளைகளும் அதில் உறுப்பினர்கள். ஓடையைத் தாண்டப் பாலம் இல்லாததால் சின்னப் பிள்ளைகள் மழைக்காலத்தில் பள்ளிக்கு வர முடியவில்லை என்பது போன்ற, பெரியவர்கள் கண்ணில் படாத விஷயங்கள் அங்கே பேசப்பட்டன. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூடும் குழந்தைகள் நாடாளுமன்றங்கள் தோன்றி மற்ற மாவட்டங்களுக்கும் போயின.

இந்த இடங்களுக்கெல்லாம் பொதுவான ஒன்று உண்டு: பிள்ளையின் சொல்லுக்குப் பெரியவர் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார். அந்தக் கடமை இல்லாத மன்றம் பேட்ஜ் குத்திக்கொள்ளும் விழா மட்டுமே.

சாய்கோட்டுக்கு அந்தப்பக்கம்

ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 1989இல் வந்தது. இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றது. அதன் 12ஆம் பிரிவு, கருத்தை உருவாக்கிக்கொள்ளும் திறனுள்ள எந்தக் குழந்தைக்கும் தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயத்திலும் அதைச் சொல்லும் உரிமை உண்டு என்கிறது. குறைந்தபட்ச வயது என்று எதுவும் அதில் இல்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்றது. முக்கால் பங்கு பெற்றோர், உறுப்பினர்களில் பாதி பெண்கள். கூலி வேலைக்குப் போகும் அம்மாக்கள் தலைமையாசிரியர் எதிரே நாற்காலி போட்டு உட்காரும் உரிமை அதனால் கிடைத்தது. மத்திய அரசின் மாதிரி விதிகள் இன்னொரு கதவையும் லேசாகத் திறந்தன. மீதமுள்ள கால் பங்கு இடங்களில் ஒரு பகுதிக்கு 'உள்ளூர்க் கல்வியாளர் / பள்ளிக் குழந்தைகள்' என்று எழுதி, யார் என்பதைக் குழுவின் பெற்றோரிடம் விட்டன. அந்தச் சாய்கோட்டைக் கவனியுங்கள். ஒரு பக்கம் கல்வியாளர், ஒரு பக்கம் குழந்தை. எட்டு வயதுச் சிறுமி அந்தப் போட்டியில் எப்படி வெல்வாள்?

2024 நவம்பரில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' தொடங்கியது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகள் ஐந்து குழுக்களாகிறார்கள். சாதியும் வகுப்பும் கலந்து உட்கார இது நல்ல வாய்ப்பு. அதே ஆண்டு ஜூனில், நாங்குநேரிக் கொடுமையை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து கள்ளர் சீரமைப்பு, ஆதிதிராவிடர் நலம் போன்ற அடையாளங்களை எடுங்கள், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. பதிவேட்டின் வரலாற்றை அறிந்த எங்கள் மண்ணுக்கு அந்த வரிகளின் எடை தெரியும்.

இவற்றையெல்லாம் குரலாக மாற்றுவது சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான். தலைவர் பதவி மதிப்பெண்ணுக்கோ, ஆசிரியரின் செல்லப் பிள்ளைக்கோ போகாமல், எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் குடத்தில் போட்டு மாதாமாதம் எடுக்கலாம். இந்தத் தடவை குடத்தில் கைவிடுபவள் ஒரு சிறுமியாக இருக்கட்டும். எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளை புளியங்கொட்டை போட்டு வாக்களிக்கலாம், படம் வரைந்து குறை சொல்லலாம். துப்புரவு அமைச்சர் என்றால் பெண், விளையாட்டு அமைச்சர் என்றால் ஆண் என்று முடிவானால், அந்த இடத்திலேயே மன்றம் தோற்றுவிட்டது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். உப்புமா எப்படி இருந்தது என்பதிலிருந்தே கூட்டம் தொடங்கலாம். சமைக்கும் அக்காமார்களைக் குற்றம் சொல்ல அல்ல; அவர்களும் பெரும்பாலும் யாரும் கருத்துக் கேட்காத பெண்கள்தான். அவர்களும் வந்து உட்கார்ந்து பேசட்டும். பிறகு தலைமையாசிரியர் ஒவ்வொரு குறைக்கும் எதிரே, செய்தோம், செய்ய முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று எழுத வேண்டும். அதை மேலாண்மைக் குழுவிலிருக்கும் அம்மாக்கள் படித்துப் பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கழிப்பறை கட்டுவது அரசின் கடமை. பிள்ளைகள் மன்றம் வைத்ததால் கழிப்பறையைக் கழுவும் வேலையும் அவர்கள் தலையில் விழுந்தால், குரல் என்ற பெயரில் கூலியில்லா உழைப்பைத்தான் வாங்குகிறோம். வீட்டில் பெண்களுக்குப் பொறுப்பு என்ற பெயரில் நடந்தது இதுதான்.

என் தோழி ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். பள்ளி தூரம் என்றார்கள், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றார்கள். போன வருடம் ஊர்த் திருவிழாவில் பார்த்தேன். பேத்தி அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. "இப்ப பாத்ரூம் இருக்கு. தண்ணிதான் வர்றதில்ல," என்றாள் சிறுமி, யாரும் கேட்காமலேயே. "வாத்தியார்ட்ட சொன்னியா?" என்றேன். "பேசுனா லீடர் பேர் எழுதிருவா," என்றாள்.

சாக்பீஸ் இன்னும் என் கையில் இருப்பது போலவே இருந்தது. பேசியவர்கள் பெயரை எழுதும் பலகைக்குக் குறையொன்றும் இல்லை. அந்தப் பெயருக்கு எதிரே, அவள் என்ன பேசினாள் என்று எழுதவும் கொஞ்சம் இடம் விட்டால் போதும்.